முன்னோர் முகமும் கணினியின் கையும்

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிற் புகைப்படம் என்பது பொழுதுபோக்குக்காக எடுக்கப்பட்ட பொருளன்று. கலியாணத்துக்கு ஒன்று, முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு வந்த நாளில் ஸ்டூடியோவில் ஒன்று, கடவுச்சீட்டுக்கென ஒன்று என விரல்விட்டு எண்ணும் அளவிலேயே பல வீடுகளிற் படங்கள் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. அதன் விளைவாக அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேறினான். தம்பி இறத்தோட்டையிலோ உக்குவளையிலோ தங்கிவிட்டான். பிரியுமுன் இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்று இருக்குமாயின், அதுவே இன்று இரு கரையிலுமுள்ள பேரப்பிள்ளைகளுக்கு உறவின் சாட்சி. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் வீடுகளோடு எரிந்த படங்கள் போக, எஞ்சியவை றங்குப் பெட்டிகளிலும் சுவர்ச் சட்டங்களிலும் மழைக்காலத்து ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தாங்கிக் கிடக்கின்றன.

இவற்றை ஸ்கேனரிலிட்டுக் கணினியிற் பிரதி செய்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று பல வீடுகளிற் பிறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எல்லோரும் எந்த ஸ்கேனர் நல்லது என்று விசாரிக்கிறார்களேயன்றி, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பாரைக் காண்பது அரிது. ஸ்கேனர் கண்ணைப் போன்றது. அது கண்டதை எழுதிவைக்கும் கை மென்பொருளே. கண் எவ்வளவு கூரியதாயினும், கை தன் விருப்பப்படி எழுதினால் பிரதி பிழையாகிவிடும்.

கடையிற் கிடைப்பவற்றை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, ஸ்கேனரைச் செய்த நிறுவனமே உடன் தருவது. எப்சன் நிறுவனத்தின் எப்சன் ஸ்கேன் இதற்கு உதாரணம். இதற்குத் தனியே பணம் வேண்டியதில்லை. அச்சிட்ட படங்களுக்கு இதுவே பெரும்பாலும் போதும். இதன் குறை யாதெனில், கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது பழைய ஸ்கேனருக்குரிய மென்பொருளை நிறுவனங்கள் கைவிட்டுவிடுவதுண்டு. நல்ல நிலையிலுள்ள பொறி அன்றே மௌனமாகிவிடும்.

இரண்டாவது, வியூஸ்கேன். அமெரிக்கரான எட் ஹம்ரிக் என்பவர் 1998இல் வெளியிட்ட இம்மென்பொருள் ஆயிரக்கணக்கான ஸ்கேனர் வகைகளை இயக்கவல்லது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பழைய ஸ்கேனர், புதிய கணினியோடு பேச மறுக்கும் வீடுகளுக்கு இது பெருந்துணை. மூன்றாவது, ஜெர்மனியின் கீல் நகரத்து லேசர்சாஃப்ட் நிறுவனத்தின் சில்வர்ஃபாஸ்ட். நிறங்களை நுட்பமாகக் கட்டுப்படுத்த விரும்புவோர் இதனைப் போற்றுவர். ஆனால் அதன் உரிமம் பொதுவாக ஒரு வகை ஸ்கேனருக்கே உரியது. ஸ்கேனரை மாற்றினால் மென்பொருளுக்கும் மீண்டும் செலவிட நேரலாம். இவ்விரண்டையும் பணம் கொடுக்குமுன் சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் பதிப்பிற் படத்தின்மேல் முத்திரை விழும் என்பது மட்டுமே குறை.

இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும், மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே தேர்தல் வேண்டும்.

முதற்கேள்வி: உள்ளதை உள்ளபடி சேமிக்க வழி உண்டா? சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பு உறவினருக்கு அனுப்ப ஏற்றது. காத்துவைக்க வேண்டிய மூலப் பிரதியோ டிஃப் கோப்பாக இருத்தல் நலம். 35 மில்லிமீற்றர் நெகட்டிவ் ஒன்றை அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் பிரதி செய்தால் ஏறக்குறைய 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். நிறமொன்றுக்கு 16 பிற் வீதம் அது 46 மெகாபைட் அளவுள்ள கோப்பாகும். பெரிதென்று அஞ்ச வேண்டாம். குடும்பமொன்றின் சில நூறு படங்கள் சிறியதொரு வட்டில் அடங்கிவிடும். அச்சுப் படங்களுக்கு 600 புள்ளி தாராளம். கடவுச்சீட்டு அளவிலான சிறு படத்துக்கு மட்டும் 1200 கொடுக்கலாம்.

இரண்டாங்கேள்வி: நெகட்டிவை அது செவ்வையாக அறியுமா? நிற நெகட்டிவில் ஒரு செம்மஞ்சட் பூச்சு உண்டு. நிறத்தை வெறுமனே தலைகீழாக்கினால் முகங்கள் நீலம் பாய்ந்து நிற்கும். அப்பூச்சைக் கழித்துக் கணக்கிடும் திறன் மென்பொருளுக்கு வேண்டும். மற்றொரு செய்தி மிக முக்கியமானது. தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டறிந்து நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. அது நிறப் படச்சுருளுக்கு உதவும். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு உதவாது. ஏனெனில், கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. அத்துகள்கள் அக்கதிரை மறிப்பதால், மென்பொருள் முகத்தையே அழுக்கென்று எண்ணித் துடைக்கப் பார்க்கும். நம் பாட்டன்மாரின் நெகட்டிவுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே ஆதலால், அவற்றைப் பிரதி செய்யும்போது இவ்வசதியை நிறுத்திவிடுக.

மூன்றாங்கேள்வியே தலையாயது: அழகுபடுத்தும் வேலைகளையெல்லாம் நிறுத்திவைக்க முடியுமா? மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல இன்று முன்வருகின்றன. அவை இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் தாமே கற்பனை செய்து ஒட்டுகின்றன. விளைவு பார்வைக்கு இனிதாயிருக்கும். ஆனால் அங்கே சிரிப்பவள் நம் பாட்டியல்லள். அவளுக்கு உள்ளதே அந்த ஒரு படமாயின், பிள்ளைகள் இனி அயலாள் ஒருத்தியின் முகத்தையே பாட்டியின் முகமென்று நம்பி வளர்வர். மங்கல் ஒரு குறையே. பொய் அதனினும் பெருங்குறை. அழகிய பிரதி வேண்டுவோர் அதனைத் தனியே செய்துகொள்ளட்டும். மூலப் பிரதியைத் தொடாதிருக்கட்டும்.

இக்கருத்து நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. வாய்மொழியாக வந்த பௌத்தத் திருமறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் மாத்தளை அலுவிகாரையே. எழுதுவோன் தன் சொல்லைச் சேர்க்காதிருப்பதே அப்பணியின் அறம். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டகம் அழிக்கப்பட்டது. எனினும் பிரதிகள் பல இடங்களில் இருந்தமையால் நூல் அழியவில்லை. ஆகவே நீங்களும் ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றை வேறூரிலுள்ள உறவினரிடமும், ஒன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி செய்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்து வருகிறது. ஆயினும் லயத்து வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் படத்தை எடுத்துத் தரவேண்டியவர் அவ்வீட்டாரே.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம்; கண்ணாடியோடே பிரதி செய்க. பூஞ்சணம் பிடித்த நெகட்டிவில் நீர் படலாகாது. வினாகிரி வாடை வீசும் நெகட்டிவ் சிதைந்துகொண்டிருக்கிறது. அதனை முதலிற் பிரதி செய்து, ஏனையவற்றினின்று பிரித்து வையுங்கள். பிரதி எடுத்தாயிற்றென்று எந்த மூலத்தையும் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தையும் பிரதி செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் யாரோ எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

இவையனைத்தும் செய்த பின்னரும், எந்த மென்பொருளாலும் ஆகாத காரியம் ஒன்று எஞ்சும். படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர் யாவர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை வீட்டிலுள்ள மூத்தவரே சொல்லவேண்டும். அவர் அருகில் அமர்ந்து, பெயர்களைக் கேட்டு, கோப்போடு எழுதிவையுங்கள். மென்பொருளை அடுத்த மாதம் வாங்கினும் குற்றமில்லை. பெரியவரிடம் கேட்பதை இன்றே கேளுங்கள்.