காவலரே கன்னமிட்டால்?

கள்வன் கன்னமிட்டால் காவலரிடம் முறையிடலாம். காவலரே கன்னமிட்டால் எவரிடம் முறையிடுவது?

2004 மார்ச்சில் இசுபெயின் தலைநகர் மாத்ரிதில் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்தன. ஆங்குக் கிடைத்த விரற்பதிவொன்றை, ஒரேகான் மாநில வழக்குரைஞர் பிராண்டன் மேபீல்டினுடையது என அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறை பிழைபடக் கணித்தது. ஆளில்லாப் பொழுதில் அவர் இல்லத்துள் கமுக்கமாய்ப் புகுந்து துருவியது. தரைவிரிப்பில் காலணித் தடமும், தாம் இடாத தாழ் இடப்பட்டிருந்தமையும் கண்டு வீட்டார் ஐயுற்றனர். அவ்வையம் மெய்யாயிற்று. மே திங்களில் அவர் இரு கிழமை சிறையிருந்தார். பிழை வெளிப்பட்டபின், 2006இல் அரசு பொறுத்தருள வேண்டி 20 இலக்கம் தாலர் ஈடு தந்தது.

வானூர்தி நிலையத்தின் நிலையும் ஈதே. 2013 ஆகத்து 18இல் இலண்டன் ஈத்துரோவில், இதழாளர் கிளென் கிரீன்வால்டின் துணைவர் ஏறத்தாழ 9 மணிநேரம் தடுக்கப்பட்டார். கணினியும் கைப்பேசியும் பறிக்கப்பட்டன. தக்க ஐயமின்றியும் தடுக்க இசைவளித்தது 2000ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்! இதழாளர்க்கு அதில் போதிய காப்பில்லை என 2016இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்த்தது.

குண்டு வைப்பாரைத் தேடவேண்டா என்பார் எவருமிலர். தேடுக, ஆனால், வீட்டார்க்கு ஆணை காட்டித் தேடுக. தடுக்க, ஆனால், கரணியம் கூறித் தடுக்க. மறைவில் பிறந்த பிழையைத் திருத்துவார் யார்? தாலர் இழப்பை ஈடுசெய்யும். தன் வீட்டில் தான் அச்சமின்றி உறங்கிய உறக்கத்தை அது மீட்டுத் தருமா? குடிமக்களை அஞ்சவைத்துக் காக்கும் காவல், காவலன்று, கன்னமே!