கேட்பதற்கும் கெடு வேண்டும்

சாதனத்தின் வேலை முடிந்ததோவென அதன் ரிஜிஸ்டரை டிரைவர் நிரல் ஓயாது படித்துப் பார்த்தல் இழிவென்பர் சிலர். அது முற்றும் மெய்யன்று. சில மைக்ரோவினாடியே காத்திருக்க வேண்டுமாயின், உறங்கிப் பின் சாதனத்தின் அழைப்பால் விழித்தெழுவதினும் இதுவே சிக்கனமாம். எல்லையின்றிக் காத்தலே பிழை.

பி.சி.ஐ. அட்டையொன்று இடையிற் பிடுங்கப்படின், அதன் ரிஜிஸ்டரிற் படிக்கும் பிட்டுகள் யாவும் பொதுவாக 1 என்றே வரும். ‘இன்னும் வேலை முடியவில்லை’ எனக் காட்டும் பிட்டும் அவ்வாறே தோன்றும். அது 0 ஆகுமென்று காத்திருக்கும் நிரல் என்றும் மீளாது. இல்லாத அட்டைக்காக இருக்கும் கணினி முடங்கும். பயனாளன் உழைப்பு வீணாகும்.

லினக்ஸிலுள்ள ‘ரீட்எல்_போல்_டைம்அவுட்’ காலவரம்பைக் கேட்டுப் பெற்று, அது கடந்தாற் பிழையென்று அறிவித்துத் திரும்புகிறது. ஆதலின் நிரலெழுதும் நண்பர்காள், கெடு வைத்தே கேண்மின்.