இன்னொரு வாலட் ஆப்பா? போதும் மக்கா!

எங்க கிளாஸ்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னடான்னு கேட்டா, பாதிப்பேர் "பேமென்ட் ஆப்"ங்கிறானுங்க. கலர் மட்டும்தான் வேற. யுபிஐ 2016லயே வந்தாச்சு. அதுக்கு மேல இன்னொண்ணு யாருக்குய்யா?

கென்யாவோட எம்-பெசாவைப் பாருங்க. 2005ல சிறுகடன் தவணையை போன்லயே கட்டத்தான் சோதனை போட்டாங்க. சனங்க என்னடான்னா அதுலயே ஒருத்தருக்கொருத்தர் காசு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. அதைக் கவனிச்ச சஃபாரிகாம், 2007ல 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்க'ன்னு சொல்லியே இறக்கினாங்க. ஸ்மார்ட்போன் வேண்டாம், ஆப் வேண்டாம். சிம் கார்டுல ஒரு மெனு, ஒரு எஸ்எம்எஸ், தெருமுனைக் கடையில காசு வாங்கிக் குடுக்க ஒரு ஏஜென்ட். என்னைக் கேட்டா அந்த ஏஜென்ட்தான் நிஜமான டெக்னாலஜி :-)

எங்க தெரு பூக்காரக்காவுக்கும் ஆப் பிரச்சினை இல்லை. காசு வந்துச்சான்னு தெரியணும், அவ்ளோதான். போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டிட்டுப் போறவனும் இருக்கானே! வந்த தொகையைச் சத்தமா சொல்ற ஸ்பீக்கர் டப்பா இருக்கு, சரி. அதுக்கு மாச வாடகை. முழம் பூ விக்கிறவங்களுக்கு அதுவும் காசுதானே?

அதனால நான் எடுத்திருக்கிறது, பழைய ஆண்ட்ராய்டு போன்ல வர்ற பேங்க் எஸ்எம்எஸ்ஸைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுற ஒரு குட்டி நிரல். "இதுல புதுமை எங்கப்பா?"ங்கிறார் கைடு. அது கெடக்கட்டும். சில பேங்க் சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ்ஸே அனுப்புறதில்லை. அக்காவுக்கு வர்றதெல்லாம் இருபது, முப்பதுதான். இப்போதைக்கு அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கிறேன்.