சோறு போட்டால் போதுமா?



நம் கிள்ளைப் பக்கம் தெரு நாய்க்கு மீன் தலை போடாத வீடு குறைவு. நல்ல மனசுதான். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி என்றால், "அது என்ன எங்க வீட்டு நாயா?" என்கிறோம். சோறு போடுகிறவர் கைக்குத்தான் அது அடங்கும். ஊசி போட வைக்கும் பொறுப்பும் அவருடையதே என்பது என் கருத்து.

வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. 1885-இல் பாஸ்டர் தடுப்பூசி போட்டுக் காட்டினார். 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. மருந்து இருந்தும் பிள்ளைகள் சாகிறார்கள் என்றால் காரணம் நம் அலட்சியம்தான்.

நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டாலே நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரட்டினால், அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வரும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். பூனைக்கும் அப்படியே. ஜூலை 6, செப்டம்பர் 28 நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தெருவுக்கு ஒருவர் முன்வந்தால் போதும். அந்த ஒருவர் என் மாணவராக இருந்தால் எனக்குப் பெருமை.