பிளானை ஏத்தச் சொல்லும் நல்ல உள்ளங்களுக்கு

லேப்டாப்ல நெட் ஒழுங்கா வரலைன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு". இன்னொண்ணு, "பிளானை ஏத்து". முதல் பதில் சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. காசு கேட்காத வைத்தியம், சில நேரம் வேலையும் செய்யுது (ஏன்னு கீழே சொல்றேன்). ரெண்டாவது பதில் சொல்றவங்களோடதான் இன்னைக்குச் சண்டை. அது பதிலே இல்லைங்க, வியாபாரம்.

கதையை முதல்ல சொல்லிடறேன். போன செமஸ்டர்ல ஒரு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. அறுபது நிமிஷம், கேமரா முன்னாடி உக்காந்து எழுதணும். இருபதாவது நிமிஷம் வைஃபை போச்சு. வந்தது. மறுபடி போச்சு. மூணாவது தடவை உள்ளே நுழையப் பார்த்தா, தேர்வு முடிஞ்சதுன்னு திரை சொல்லுது. எங்க வகுப்புல அந்தத் தேர்வு எழுதின பதினோரு பேர்ல பாதியில வெளியே வந்த ஒரே ஆள் நான்தான். அப்பா ஒண்ணும் சொல்லலை. மறுநாளே நெட் கனெக்‌ஷன் கொடுத்தவங்களைக் கூப்பிட்டார். வந்தவர் ரவுட்டரைக் கழட்டி மாட்டினார், தன் போன்ல ஏதோ பார்த்தார், "சார், நாப்பது எம்.பி.பி.எஸ். இந்தக் காலத்துக்குப் பத்தாது, நூத்தம்பதுக்கு மாறிடுங்க"ன்னார். (டாக்டர் படிப்பு இல்லீங்க, ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட்ங்கிற கணக்கு.) 499-லேர்ந்து 799. ஆறு மாசம் முன்பணம். கூடுதலா 1800 ரூபாய், அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 324, ஆக 2124.

அன்னைக்கு ராத்திரி என் லேப்டாப்ல வேகம் பார்த்தேன். ஆறு. நூத்தம்பது இல்லை, ஆறு. பழைய பிளான்லயும் அதே ஆறுதான் வந்துட்டிருந்தது.

அவர் ஒரே ஒரு தடவை, ரவுட்டர் பக்கத்துல இல்லாம, என் மேஜைக்கு வந்து பார்த்திருந்தா இந்த 2124 மிஞ்சியிருக்கும். என்ன பார்த்திருக்கணும்? பிங். ரெண்டு நிமிஷ வேலை. கமாண்ட் ப்ராம்ட் திறந்து, பிங் கட்டளையில ரவுட்டரோட முகவரியைக் கொடுக்கணும். பெரும்பாலும் 192.168.1.1 இல்லைன்னா 192.168.0.1. சந்தேகம்னா ஐபிகான்ஃபிக்னு அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு காட்டும். பதில் வர ஆகுற நேரம் மில்லி செகண்ட்ல வரும். வைஃபை நல்லா இருந்தா ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு ஓடும். எனக்கு 210, 940, அப்புறம் பதிலே இல்லை, மறுபடி 380. கவனிங்க, நான் கேட்டது கூகிளை இல்லை. எங்க வீட்டு ஹால்ல இருக்கிற டப்பாவை. ரெண்டு சுவர் தள்ளி இருக்கிற டப்பாகிட்டயிருந்து பதில் வர ஒரு நொடி ஆகுதுன்னா, தெருவுல ஓடுற கேபிளை எவ்வளவு பெருசாக்கி என்ன புண்ணியம்? வீட்டுக் குழாய் அடைச்சிருக்கு, நாம மாடியில பெரிய டேங்க் வாங்கி வைக்கிறோம்.

அதே பிங்கை அடுத்து 8.8.8.8-க்குப் போடணும். அது கூகிளோட டி.என்.எஸ். முகவரி. ரவுட்டர் வரைக்கும் சுத்தமா இருந்து, இதுல மட்டும் அடி வாங்கினா, அப்ப தப்பு வெளியே. தாராளமா போன் போட்டுத் திட்டலாம். நமக்கு முதல் படியிலேயே சறுக்கல்.

சரி, அடைப்பு எங்கே? எங்க வீடு மூணாவது மாடி. போன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு இலவசச் செயலி போட்டுப் பார்த்தேன். பதினேழு ரவுட்டர் தெரியுது! பதினேழும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. இந்தப் பட்டையில நம்ம ஊர்ல 13 சேனல் இருக்கு. ஆனா ஒவ்வொரு சேனலும் பக்கத்துச் சேனல்களுக்குள்ள காலை நீட்டிக்கும். ஒண்ணுமேல ஒண்ணு படாம வைக்கணும்னா வழக்கமான கணக்கு 1, 6, 11, மூணே மூணு. ஒரே சேனல்ல நாலு பேர் இருந்தா, ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருப்பாங்க. மெதுவா இருந்தாலும் ஒரு மரியாதை இருக்கும். யாராவது 3, 4-னு நடுவுல வந்து உக்காந்தா, 1-ல இருக்கிறவருக்கும் 6-ல இருக்கிறவருக்கும் அது வெறும் இரைச்சல். சிக்னல் கோடு முழுசா தெரிஞ்சும் பக்கம் திறக்காததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கோடு சத்தம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், புரியுதான்னு சொல்லாது. நிறைய ரவுட்டர் கிளம்பும்போது மட்டும்தான் சேனலைத் தானா தேர்ந்தெடுக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நேரம் சரியாகிறதோட ரகசியம் பாதி இதுல இருக்கு.

எங்க ரவுட்டர் 6-ல இருந்தது, கூடவே எட்டு பேர். 11-ல ரெண்டே பேர். மாத்தினேன். ரவுட்டர் இருந்த இடம் அடுத்த கொடுமை. ஃபைபர் உள்ளே வர்ற ஓட்டை வாசலுக்கு மேல இருக்குன்னு, அதுக்குக் கீழயே, இரும்பு பீரோவுக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தாங்க. வீட்டுலயே பெரிய இரும்புச் சாமானுக்குப் பின்னாடி! நாலு மீட்டர் கேபிள் வாங்கி ஹால் நடுவுல அலமாரி மேல ஏத்தினேன். அம்மாவுக்குப் பிடிக்கலை, அது வேற பஞ்சாயத்து.

அப்புறம் லேப்டாப். டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரைத் திறந்தா, பவர் மேனேஜ்மென்ட்ல, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்னு ஒரு டிக் இருக்கும் (எல்லா லேப்டாப்லயும் அந்தப் பக்கம் வராது). எடுத்து விட்டேன். பவர் ஆப்ஷன்ஸ்ல வயர்லெஸ் அடாப்டர்னு ஒண்ணு இருந்தது, பேட்டரியில ஓடும்போது சிக்கனம்னு போட்டிருந்தது, அதையும் மாத்தினேன். தேர்வு அன்னைக்கு நான் சார்ஜர் போடாமதான் உக்காந்தேன். இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இதை மாத்தினதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட அறுந்து விழலை.

ஹார்ட் டிஸ்க் சமாச்சாரம் என் நண்பன் ஒருத்தன் வீட்டுல நடந்தது. படம் காப்பி பண்ணும்போதெல்லாம் அவனுக்கு நெட் படுத்துடும். யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் கேபிள்களும் 2.4 பட்டையில இரைச்சல் கிளப்பும்னு 2012-லயே இன்டெல் ஒரு அறிக்கையில சொல்லியிருக்கு. டிஸ்க்கை நீள வயர்ல தள்ளி வச்சான், சரியாப் போச்சு. அவன் வீட்டுலயும் பிளானை ஏத்திட்டாங்கன்னு தனியா சொல்லணுமா? :-)

எல்லாம் முடிச்சு அளந்தப்ப 45 வந்தது. ஆறுலேர்ந்து 45. குதிச்சேன். அதுக்கு மேல ஏறவே இல்லை. ஏன்? செட்டிங்ஸ்ல வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தா லிங்க் ஸ்பீட் 72. எங்க அண்ணன்கிட்டயிருந்து வந்த பழைய லேப்டாப் இது. ஒத்தை ஆன்டெனா, 2.4 மட்டும், 802.11என். அந்த அட்டை சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல தொடக்கூடிய உச்சமே 72.2, கையில கிடைக்கிறது அதுல ஏறக்குறைய முக்கால் பங்கோ பாதியோ. அதாவது பழைய நாப்பது பிளானே என் லேப்டாப்புக்குக் கிட்டத்தட்ட போதும். கூடக் கொடுத்த 2124-க்கு எனக்குக் கிடைச்சது, ரொம்ப தாராளமா சொன்னா, அஞ்சு எம்.பி.பி.எஸ்.

இன்னும் இருக்கு. ரவுட்டர் பெட்டியில கொட்டை எழுத்துல 300. அது வைஃபை பக்கத்துக் காகிதக் கணக்கு. பின்னாடி கேபிள் சொருகிற துளை 10/100 வகை, 100-க்கு மேல எதுவும் நுழையாது. அதே ரவுட்டரை அப்படியே வச்சுட்டு 150 வித்துட்டுப் போயிருக்கார். வீட்டுல எந்த போனும் எந்த லேப்டாப்பும் அந்த 150-ஐ ஒரு நாளும் பார்க்க முடியாது.

ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார், விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்கிறவனுக்குத் தெரியாதப்ப சந்தை என்ன ஆகும்னு. 2001-ல நோபல் வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர். பரீட்சைக்கு நான் மனப்பாடம் பண்ணின பாடம். பிரேக் ஈவன் பாயின்ட் போடத் தெரிஞ்ச எனக்கு, பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பிங் அடிச்சுப் பார்க்கத் தோணலை. அந்த வெட்கத்துலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

"எங்க பொறுப்பு ரவுட்டர் வரைக்கும்தான்"னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. ஒத்துக்கறேன். அப்ப மருந்தும் ரவுட்டர் வரைக்கும் இருக்கிற நோய்க்கு மட்டும் கொடுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்க்காம, அதுக்கும் சேர்த்து மாசம் முன்னூறு ரூபாய் வாங்கறது என்ன நியாயம்? லேப்டாப்பைக் கேபிள்ல ரவுட்டரோட இணைச்சு ஒரு தடவை வேகம் பார்த்தா தெரிஞ்சிடும். கேபிள்ல முழு நாப்பது வருதா? பிளான் மேல தப்பில்லை. வீட்டுல நாலு பேர் ஒரே நேரத்துல படம் பார்த்து அந்த நாப்பதும் நிரம்பி வழியுதா? அப்ப ஏத்துங்க, நானே சொல்றேன்.

நம்ம ஹாஸ்டல் மக்களுக்கும் இதேதான். லைன் பெருசு பண்ணுங்கன்னு மனு எழுதறீங்க. ஒரு வராண்டாவுக்கு ஒரே பெட்டி, அறுபது பேர். கடைசி அறையில சிக்னல் கிடைக்காம தவழுற ஒரு லேப்டாப், தன் ஒரு வரியை அனுப்ப எடுத்துக்கிற நேரம் மத்தவங்க எல்லாரோட நேரம். காத்துல இருக்கிற நேரத்தைத்தான் பங்கு போடறோம். லைனை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் அந்த நேரம் கூடாது. மனுவுல பெட்டி எண்ணிக்கையைக் கேளுங்க, 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கான்னு கேளுங்க. அது சுவரைத் தாண்டறதுல கொஞ்சம் சோப்ளாங்கி, ஆனா சேனல் நிறைய, நெரிசல் கம்மி.

பழைய பிளானுக்கே மாத்திக் கொடுங்கன்னு அப்பாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஆறு மாசம் முடியற வரைக்கும் இறக்க முடியாதாம். "தம்பி, ஏத்தறதுன்னா இப்பவே முடியுமா?"ன்னு அப்பா கேட்டிருக்கார். முடியுமாம், அஞ்சே நிமிஷத்துல.