சேமிப்புக்குக் காவல் எழுத்தும் உரிமமும்

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, பல்லாண்டு காலச் சேமிப்பு இருந்த இடத்திலேயே கரைந்ததை நாம் கண்டோம். அந்த அச்சம் இன்னும் பலரை, அதிக இலாபம் தருவதாகக் கூறும் திட்டங்களின்பால் தள்ளுகின்றது. கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அக்குறணை, அலவத்துகொட போன்ற ஊர்களின் மக்கள் இதில் விழிப்பாயிருத்தல் அவசியம்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், அறிமுகமானவரின் வியாபாரத்தில் இலாபப் பங்குக்குப் பணம் கொடுப்பதுண்டு. நோக்கம் நல்லதே. ஆயினும் மாதந்தோறும் மாறாத தொகை ‘இலாபம்’ என வருமாயின் ஐயுற வேண்டும். உண்மையான வியாபாரத்தில் நட்டமும் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கப் பணிக்கும் வசனமே (2:282) அல்குர்ஆனில் மிக நீளமானது. உறவைக் காரணங்காட்டி எழுத்தைத் தவிர்ப்போர், இறுதியில் பணத்தோடு உறவையும் இழக்கின்றனர்.

மத்திய வங்கியின் உரிமமின்றிப் பணம் திரட்டிய கோல்டன் கீ நிறுவனம் 2008 இல் சரிந்தது. உரிமம் பெற்றிருந்த த பினான்ஸ் கம்பெனியும் 2020 இல் அதனை இழந்தது. ஆனால் உரிமம் பெற்ற நிறுவனங்களின் வைப்பாளருக்கு வைப்புக் காப்புறுதி உண்டு. 2021 இல் அதன் உச்சவரம்பு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனவே பெருந்தொகையைப் பிரித்து வைப்பதே விவேகம். வட்டியற்ற சேவையும் உரிமம் பெற்ற வங்கிகளில் கிடைக்கின்றது.

கொடுத்ததையும் வாங்கியதையும் வீட்டார் அறிய எழுதி வைப்போம். குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், அந்த ஏடே பிள்ளைகளுக்குத் துணை.