"தேங்க் யூ சார்" சொல்லத்தானா ஆங்கிலம்?

சென்ற மாதம் நம் சங்கத்துக்கு ஒரு தோழர் வந்தார். வார்ப்படச் சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் நெருப்போடு நெருப்பாக நின்று உழைத்தவர். "ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு பேப்பரைக் காட்டி கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன். கவரைக் கொடுத்தாங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க" என்றார். தாளின் நகல் அவரிடம் இல்லை. தலைப்பில் 'ஃபுல்', 'ஃபைனல்' என்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதாவது, "எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எனக்கு வர வேண்டியது எதுவுமில்லை" என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டார்கள்!

ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி பணிக்கொடை என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை. பதினோரு ஆண்டுக்கு நூற்றறுபத்தைந்து நாள் கூலி. அந்தக் கவரில் அது இல்லை. அப்படி ஒரு கையெழுத்தால் இந்த உரிமை செத்துவிடாது. மனுப் போட்டிருக்கிறோம், போராடுவோம். ஆனால் நம் கேள்வி வேறு.

அந்தத் தோழர் ஆங்கிலமே அறியாதவர் அல்லர்! அமீர்பேட்டைப் பக்கம் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி மூன்று மாதம் போனவர். 'ஹௌ ஆர் யூ', 'ஐ ஆம் ஃபைன்', 'மை ஹாபி இஸ் ரீடிங்' என்று சின்னச் சின்ன உரையாடல்களை மனப்பாடம் செய்தவர். ஓட்டலில் சூப் கேட்கத் தெரியும். விமான நிலையத்தில் வழி கேட்கத் தெரியும். 'ஐ ஆம் ஃபைன்' என்றால் நலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டில் 'ஃபைன்' என்று இருந்தால் அது அபராதப் பிடித்தம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்ற அந்த நேரத்தில், படித்த பாடத்திலிருந்து அவருக்கு உதவிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "தேங்க் யூ சார்."

முறையில் குற்றமில்லை

சிறு உரையாடல் வழியாக மொழி கற்பது நல்ல முறைதான். நாம் தெலுங்கு கற்றது எப்படி? இலக்கணம் படித்தா? காய்கறி வண்டிக்காரரிடம் 'எந்தா' என்றோம், பஸ்ஸில் 'எக்கட' என்றோம், வேண்டாத இடத்தில் ஐதராபாத்துக்காரரைப் போலவே 'நக்கோ' என்றோம். கேள்வி ஒன்று, பதில் ஒன்று, மறுப்பு ஒன்று என்று தெருவே நமக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

ஆங்கிலம் அப்படி வரவில்லை. நம் தெருவில் அது நம்மோடு பேசுவதில்லை. தாளாக வருகிறது, நோட்டீசாக வருகிறது, உத்தரவாக வருகிறது. ஆகவே அந்த உரையாடலை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை எழுதுகிறவன் யார் என்பதில்தான் வர்க்கம் ஒளிந்திருக்கிறது!

இது இன்றைய சங்கதி அல்ல

நம் பாட்டன் பூட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில், வெள்ளைத் துரைகளும் இதே முறையில்தான் தமிழ் கற்றார்கள். சின்னத் துரைகளுக்கென்று கொழும்பில் ஒரு கையடக்கத் தமிழ் நூல் அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா'! 1915இல் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே இன்னொரு நூல் வந்தது. சங்க இலக்கியத்தை உடைய ஒரு மொழியில் துரைக்கு வேண்டியிருந்தது 'வா' என்ற ஏவல்தான். உரையாடல் என்று பெயர், ஆனால் ஆணையிடுகிறவன் ஒருவன், அடங்குகிறவன் ஒருவன்.

கடல் தாண்டி அமெரிக்காவிலும் இதே கதைதான். 1914இல் ஃபோர்டு கம்பெனி, ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கென்று ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. படுக்கையிலிருந்து எழுவது, முகம் கழுவுவது, வேலைக்குப் போவது என்று அன்றாட விஷயங்களே பாடம். அதே காலத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கொடுத்த பாடத்தில், சங்கு ஊதுகிறது, தொழிலாளி ஓடுகிறான், மறுபடி சங்கு ஊதும்வரை உழைக்கிறான். 'கூலி எவ்வளவு?' என்று கேட்பதற்கு அந்தப் பாடத்தில் இடமில்லை.

அதற்குத் தொழிலாளர்கள் கொடுத்த பதிலையும் நாம் அறிய வேண்டும். நியூயார்க்கின் பெண்கள் ஆடைத் தையல் தொழிலாளர் சங்கம், 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசுப் பள்ளிக் கட்டடங்களில் மாலை நேர மையங்களைத் தொடங்கி, அகதிகளாகவும் கூலிகளாகவும் வந்த பெண்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது. ஆங்கிலத்தை முதலாளியிடம் விட்டுவைக்கவில்லை. அதுவே நமக்கு வழிகாட்டி.

இரு தரப்புக்கும் ஒரு சொல்

"தமிழர் சங்கம் ஆங்கிலம் கற்பிப்பதா? தமிழுக்குத் துரோகம்!" என்று நம்மிடையே சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், விதிகளையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்றன. 2025 நவம்பரில் அச்சட்டங்கள் புதிய தொகுப்புகளுக்குள் கரைந்துபோயின. அது வேறு சண்டை. நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். இந்த ஊரில் நாம் பெரும்பான்மை அல்ல. ஒட்டப்படுவதில் தமிழ் இராது. தெலுங்கு பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்த நிலையில் ஆங்கிலமும் வேண்டாம் என்றால், சுவரில் ஒட்டிய நம் தலைவிதியை யார் படித்துச் சொல்வது? மேஸ்திரியா?

1968இல் அண்ணா ஆட்சியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தது. தமிழோடு ஆங்கிலம் என்றது. தமிழைத் தொலைத்துவிட்டு ஆங்கிலம் என்று சொல்லவில்லை.

அதைத்தான் இன்னொரு தரப்புக்கும் நினைவூட்டுகிறோம். தெலங்கானா அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் ஆங்கில வழி வந்துவிட்டது. உடனே, "இனி வீட்டில் தமிழே பேசாதே, மம்மி என்று கூப்பிடு" என்று பிள்ளைகளை அதட்டும் வீடுகள் பெருகிவிட்டன. அம்மா, அக்கா! ஆசிரியை டைரியில் எழுதியனுப்பும் இரண்டு வரியைப் படித்து, பள்ளிக்குப் போய், "என் மகளுக்கு எந்தப் பாடம் வரவில்லை?" என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆங்கிலம். பிள்ளையோடு பேசுகிற பேச்சைப் பறித்துக்கொள்ள அல்ல. தாயிடம் மனம்விட்டுப் பேச மொழியில்லாத பிள்ளைக்கு எந்த மொழியும் உருப்படியாக வராது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, உரையாடல்களை நாமே எழுதுவோம். பாடத்துக்கு ஆறு வரி போதும். சம்பளச் சீட்டு, ஓவர்டைம், விடுப்பு, விபத்து, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு, வங்கி, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம் என்று பத்துப் பொருள்.

இரண்டாவது, ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கேள்வியும் ஒரு மறுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் பாடம் இதோ:

"வாட் இஸ் ரிட்டன் ஹியர்?" — இதில் என்ன எழுதியிருக்கிறது?
"ஜஸ்ட் சைன்." — சும்மா கையெழுத்துப் போடு.
"நோ. ஐ வில் ரீட் இட் ஃபர்ஸ்ட்." — இல்லை, முதலில் படிக்கிறேன்.
"வீ ஹாவ் நோ டைம்." — எங்களுக்கு நேரமில்லை.
"கிவ் மீ எ காப்பி." — எனக்கு ஒரு நகல் கொடுங்கள்.
"ஐ வில் சைன் டுமாரோ." — நாளை கையெழுத்திடுகிறேன்.

மூன்றாவது, வேடத்தை மாற்றி மாற்றிப் பேசிப் பழகுவோம். இன்று சூப்பர்வைசராக நடிப்பவர் நாளை தொழிலாளியாக நடிக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, இந்தப் பக்கம் நிற்கும்போது கால் நடுங்காது. பெண்கள் பின்வரிசையில் அல்ல, முதல் வரிசையில் உட்காரட்டும்.

நான்காவது, புத்தகம் வேண்டாம். உங்கள் வீட்டுத் தாள்களையே கொண்டு வாருங்கள். நம் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போகிறவர்கள் கற்பிக்கட்டும். கட்டணம் கிடையாது. பொருளைத் தமிழில் விளக்கிவிட்டுத்தான் ஆங்கிலத்தை வாயில் போட வேண்டும்.

ஐந்தாவது, மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி அறைகளைக் கேட்டு வாங்குவோம். நம் வரிப்பணத்தில் கட்டிய சுவர்கள் அவை.

அந்தத் தோழரின் மனு நடந்துகொண்டிருக்கிறது. அவரே முதல் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், படிக்க மட்டுமல்ல, சூப்பர்வைசராக நடிக்கவும்! அவர் நீட்டும் தாளில் நம்மில் ஒருவரும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. நாம் கற்க வேண்டிய முதல் ஆங்கிலச் சொல் 'தேங்க் யூ' அல்ல தோழர்களே, 'நோ'!